உப்புக்காற்றும் துவிச்சக்கரவண்டிப் பேழையும்

புத்தளக் கரையோரத்திலே பெட்டியைச் சுமந்து செல்லும் துவிச்சக்கரவண்டி பழகிய காட்சியாகும். கரைவலை இழுபடும் துறைகளிலே வைகறையில் மீனை வாங்கி, வண்டியின் பின்புறத்திற் கட்டிய மரப்பெட்டியில் இட்டு, உள்நாட்டூர்கள் தோறும் கூவி விற்ற வியாபாரிகளைச் சிலாபம் முதற் கற்பிட்டி வரை அறியாதார் இலர். ஆனால், துவிச்சக்கரவண்டியையே தன்னுட் சுமக்கும் பெட்டி இக்கரைக்குப் புதியது. அத்தகைய பேழையொன்றை அமைப்பது எவ்வாறு, அதிலும் கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் இந்நிலத்துக்குப் பொருந்த அமைப்பது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மலைத்துவிச்சக்கரவண்டி எனப்படுவது 1970 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மலைச்சரிவுகளில் உருப்பெற்றது. தடித்த ரயர்கள், வலிய சட்டம், பல்வகைக் கியர்கள், அதிர்ச்சியைத் தாங்கும் முன்கவை ஆகியன அதன் சிறப்பியல்புகள். 1996 ஆம் ஆண்டு அற்லாண்டா ஒலிம்பிக் விழாவில் அது போட்டி விளையாட்டாகவும் இடம்பெற்றது. மலையே இல்லாத கற்பிட்டிக் குடாநாட்டில் மலைவண்டிக்கு என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். மெல்லிய ரயர் புதையும் மணற்பாதையில் தடித்த ரயர் மிதந்து செல்லும் என்பதே விடை. தென்மேற்குப் பருவக்காற்றை நாடிக் கற்பிட்டிக்கு வரும் பயணிகளுட் சிலர் தம் வண்டியையும் உடன் கொணர்வர். இவ்வூர் இளைஞரும் அத்தகைய வண்டிகளைக் கொண்டு மலைநாட்டுக்குச் செல்வதுண்டு.

இது பொழுதுபோக்குப் பொருள் பற்றிய செய்தி மாத்திரம் அன்று. 2022 ஆம் ஆண்டில் நாட்டில் எரிபொருள் அருகியபோது துவிச்சக்கரவண்டியைத் தேடி மக்கள் அலைந்தனர். அதன் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் மிக உயர்ந்தன. எளிய வண்டி ஒன்றுகூட ஒரு குடும்பத்தின் தேட்டமாயிற்று. அதனைப் பேணுதல் என்பது பிழைப்பைப் பேணுதலே என்பதை அந்த ஆண்டு கற்பித்தது. பேழை பற்றிக் கூறப்படும் விதிகளிற் பெரும்பாலானவை விலையுயர்ந்த மலைவண்டிக்குப் போலவே பள்ளி மாணவனின் பழைய வண்டிக்கும் பொருந்துவனவாம்.

வண்டிக்குப் பகை மூன்று. அவை அடி, களவு, உப்பு என்பன. முதலிரண்டும் உலகெங்கும் உள்ளவை. கடைகளில் விற்கப்படும் பேழைகள் பெரும்பாலும் அவற்றையே கருதிச் செய்யப்பட்டவை. மூன்றாவது பகையே இக்கரைக்குச் சிறப்பாக உரியது. அதனை அறியாது செய்யப்படும் பேழை, காக்க வந்த பொருளைத் தானே அழித்துவிடும்.

உப்பு உலோகத்தை உண்பது எங்ஙனம்? அலை நுரைத்து உடையும்போது எழும் நுண்டுளிகளைக் காற்று ஏந்திவந்து உலோகத்தின் மேற் படியச்செய்கிறது. உலர்ந்த உப்பினால் விளையும் தீங்கு சிறிது. ஆனால், காற்றின் சார்பு ஈரப்பதன் ஏறத்தாழ நூற்றுக்கு 75 ஐத் தாண்டியதும் சோடியங் குளோரைட்டு காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துத் தானே கரைந்து உவர்நீராகிறது. கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியங் குளோரைட்டோ நூற்றுக்கு 33 அளவிலேயே நீரை ஈர்க்கத் தொடங்கும். எனவே மழை பெய்யாத நாளிலும் வண்டி நனைந்தே இருக்கிறது. கண்ணுக்குத்தான் அது தெரிவதில்லை. அவ்வுவர்நீர் உருக்கைக் கறளாக்குகிறது. அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படையைத் துளைத்துக் குழியிடுகிறது. இரு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் அது மின்கலத்தின் திரவம் போலத் தொழிற்படும். அலுமினியச் சட்டத்தில் இறுக்கிய உருக்குத் திருகாணியைச் சூழ முதலில் அரிப்புண்பது அலுமினியமே. காபன் நாரினாற் செய்த பாகம் அலுமினியத்தைத் தொடும் இடத்திலும் நிகழ்வது இதுவே.

இனி, இத்தகைய வண்டியை இறுக மூடிய பெட்டியில் இட்டால் நிகழ்வதைக் கணித்துப் பார்க்கலாம். உள்ளளவில் 130 சதமமீற்றர் நீளமும் 80 சதமமீற்றர் உயரமும் 30 சதமமீற்றர் அகலமும் உடைய பேழையின் கொள்ளளவு 312 லீற்றர். 30 பாகைச் சதம வெப்பமும் நூற்றுக்கு 80 ஈரப்பதனும் உள்ள கரையோரக் காற்று அதில் நிறைந்திருப்பின், அக்காற்றில் ஏறத்தாழ ஏழரைக் கிராம் நீராவி இருக்கும். அப்பேழையை மூடி நுவரெலியாவுக்குக் கொண்டுசென்று, 12 பாகைக் குளிரில் ஓரிரவு வைத்தால், அதே காற்றுத் தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ மூன்றேகாற் கிராமே. எஞ்சிய நான்கு கிராமுக்கு மேற்பட்ட நீர் குளிர்ந்த உலோகத்தின் மீது பனியாகப் படியும். நான்கு கிராம் சிறிதெனத் தோன்றலாம். சங்கிலியின் கண்ணிகளிலும் தாங்குருளைகளிலும் மெல்லிய படலமாகப் பரவுவதற்கு அது தாராளமாகப் போதும். முற்காலத்திற் புத்தளத்து உப்பைப் பொதிமாடுகள் கண்டி நாட்டுக்குச் சுமந்து சென்றன. இன்று அதே உப்பு, அழையாமலே, வண்டியின் மூட்டுக்களில் ஒளிந்து மலையேறுகிறது.

ஆகவே பேழையின் வேலை பேழைக்கு வெளியே, கிணற்றடியிலே தொடங்குகிறது. உப்பைக் கழுவாது வைக்கும் வண்டிக்கு எந்தப் பேழையும் காவலாகாது. நன்னீரை மெதுவாக வார்த்துக் கழுவுதல் வேண்டும்; விசையுடன் பீச்சினால் உவர்நீர் தாங்குருளைகளின் உள்ளே புகும். கற்பிட்டிக் குடாநாட்டின் நிலத்தடி நன்னீர், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய வில்லை போன்றது. மிகுதியாக இறைத்த கிணறு உவர்த்துவிடும். அங்ஙனம் உவர்த்த நீராற் கழுவுவது மீண்டும் உப்பைப் பூசுவதாகவே முடியும். சேகரித்த மழைநீரால் இறுதிக் கழுவல் செய்வது நன்று. பின்னர் நிழலில் நன்கு உலர்த்திச் சங்கிலிக்கு எண்ணெயும், திருகாணிகளுக்கும் இருக்கைத் தண்டுக்கும் கிறீசும் இடவேண்டும். எண்ணெய் பிறேக்குத் தட்டிற் படலாகாது. பட்டால் வண்டி நில்லாது.

அடுத்து, அடியினின்று காக்கும் அமைப்பு. பெட்டி வலிதாயின் உள்ளிருக்கும் வண்டியும் நலமாயிருக்கும் என்பது தவறான எண்ணம். தேங்காய்க்குள் நீர் ஆடுவதுபோல வண்டி பெட்டிக்குள் ஆடுமாயின், பெட்டியின் சுவரே அதற்குப் பகையாகும். சட்டத்தின் வலிய இடங்கள் இரண்டு: மிதிகளின் அச்சைத் தாங்கும் கூடும், சில்லுகளைப் பொருத்தும் கவைகளின் நுனிகளும். சில்லுகளைக் கழற்றிவிட்டு, பேழையின் அடித்தளத்திற் பொருத்திய பொய்யச்சுக்களில் இரு கவைகளையும் பூட்டி, மிதியச்சுக்கூட்டை மெத்தென்ற தாங்கியில் இருத்தினால், எவ்வடியும் அவ்வலிய இடங்களின் வழியே செல்லும். பற்சில்லு எதன்மேலும் ஊன்றலாகாது. வலப்பக்கத்துப் பின்கவையிற் கியர் மாற்றியைத் தாங்கும் சிறு தகடு, சட்டத்தைக் காத்தற்பொருட்டு வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்பட்டது. சிறு அடியிலும் அது வளையும். எனவே கியர் மாற்றியைக் கழற்றித் துணியிற் சுற்றிச் சட்டத்தின் உட்புறத்திற் கட்டுவது அறிவுடைமை. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிறேக்குகளின் இடைவெளியில் ஒரு தக்கையைச் செருக வேண்டும். இல்லையேற் கைப்பிடி தற்செயலாக அழுந்தியதும் இரு கட்டைகளும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மிதிகளைக் கழற்றும்போது இடப்பக்கத்து மிதியின் புரி எதிர்த்திசையில் வெட்டப்பட்டது என்பதை மறத்தலாகாது. ரயர்க் காற்றைச் சற்றுக் குறைத்தல் போதும். முற்றாக வெளியேற்றினால் வளையம் நேரே அடிபடும்.

மெத்தைக்குப் பஞ்சு போன்ற நுரையை இடுவது இக்கரையில் ஆகாது. அது ஈரத்தை உறிஞ்சி உலோகத்தோடு ஒட்டிவைத்திருக்கும். தென்னை வளமுள்ள இம்மாவட்டத்தில் எளிதிற் கிடைக்கும் தும்புக்கும் அக்குறை உண்டு. மூடிய கண்ணறைகளைக் கொண்ட பொலித்தீன் நுரைத்தகடே தக்கது.

இனி எடையைக் கருதுவோம். விமானப் பயணத்திற் பொதிக்கு 23 கிலோகிராம் என்பது பரவலான வரம்பு. வண்டியின் எடை 14 கிலோகிராம் எனக் கொண்டால் பேழைக்கு எஞ்சுவது 9. மேற்கூறிய அளவுடைய பேழையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3.3 சதுரமீற்றர். அதனை 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையாற் செய்தால், கனமீற்றருக்கு 600 கிலோகிராம் என்ற கணக்கில், பலகை மாத்திரமே 12 கிலோகிராம் ஆகும். மீன்பிடிப் படகுகள் செய்யும் கண்ணாடியிழையை 2 மில்லிமீற்றர் தடிப்பில் இட்டாலும் 10 கிலோகிராமுக்குக் குறையாது. உட்குழலுடைய 5 மில்லிமீற்றர் பொலிப்புரொப்பிலீன் தகடோ மூன்றரைக் கிலோகிராமளவில் அடங்கும். அடித்தளத்துக்கு மாத்திரம் 9 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை இட்டால் அதற்கு இரண்டு கிலோகிராம். விளிம்புக்கு அலுமினியக் கோணம், நுரைத்தகடு, வார்கள், உருளைகள் ஆகியவற்றுக்கு மூன்றரைக் கிலோகிராம் எஞ்சும்.

இலேசான இப்பேழை பயணத்துக்குப் போதும். கள்வனைத் தடுக்கப் போதாது. கூரிய கத்தி ஒன்று அதனைக் கிழித்துவிடும். கள்வனைத் தடுக்கும் கனத்த பேழையோ பயணத்துக்கு உதவாது. இரண்டையும் ஒன்றாக்க முயல்வதே பலர் செய்யும் தவறு. பேழையை இரண்டாக வகுத்துக்கொள்வதே தக்க வழி. வண்டியோடு செல்வது உட்பேழை. வீட்டிலே நிற்பது வெளிப்பெட்டகம். உட்பேழை அப்படியே வெளிப்பெட்டகத்துள் அடங்குமாறு பின்னது ஒவ்வொரு புறமும் சில சதமமீற்றர் பெரிதாக இருத்தல் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் காற்றைப் பற்றிய விதியும் வேறு. பயணத்தில் உட்பேழை இறுக மூடப்பட வேண்டும். உள்ளே 100 கிராம் சிலிக்கா செல் இட்டால், முன்னர்க் கணித்த ஏழரைக் கிராம் நீராவியையும் அது ஏற்கும். வீட்டிலோ நாள்தோறும் திறந்து மூடும் பெட்டகத்தில் சிலிக்கா செல் விரைவில் நிறைந்து பயனற்றதாகும். ஆகவே அங்கே உட்பேழையைத் திறந்துவைத்து, பெட்டகத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு பக்கத்தும் மேற்பகுதியில் எதிர்ப்பக்கத்தும் துளைகள் விட்டுக் காற்றை உலாவச் செய்ய வேண்டும். துளைகள் கடற்பக்கத்தை நோக்கலாகாது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் உப்பு அவ்வழியே புகும். துளைகளின் உட்புறத்தே நெருங்கிய துணியைக் கட்டி, மாதந்தோறும் அதனைக் கழுவுதல் நன்று. காற்றோட்டம் நீர் திரள்வதைத் தடுக்குமேயன்றி, முன்னரே படிந்த உப்பை நீக்காது. கழுவுதலின் இன்றியமையாமை இங்கு மீண்டும் விளங்கும்.

வெளிப்பெட்டகத்துக்கு நீர்தாங்கும் ஒட்டுப்பலகை ஏற்றது. அதன் வெட்டுவிளிம்புகளே நீரை உறிஞ்சும் வாய்கள். அவற்றுக்கு இருமுறை வர்ணம் பூசவேண்டும். சாதாரண இரும்புத் திருகாணி மழைக்காலம் ஒன்றைக்கூடத் தாங்காது. கறள் ஏறா உருக்கிலும் வகைகள் உள. மொலித்தெனம் சேர்ந்த 316 என்னும் வகையே கடற்கரைக்கு உகந்தது.

பூட்டைப் பற்றி ஒரு சொல். பெரும் பூட்டை மாட்டிவிட்டுப் பிணைச்சலின் திருகாணிகளை வெளியே விட்டுவைப்பது, முன்வாயிலை அடைத்துப் பின்வாயிலைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும். பிணைச்சல்களைச் சுரையாணியாற் பொருத்திச் சுரைகளை உட்புறத்தில் இறுக்குதல் வேண்டும். பெட்டகத்தோடு வண்டியைத் தூக்கிச் செல்லாதிருக்க அதனை நிலத்தோடு பிணைத்தலும், உள்ளே ஒரு வளையத்தில் வண்டிச் சட்டத்தைச் சங்கிலியாற் கோத்தலும் தேவை. ஆமைப்பூட்டு பித்தளையாலானதாக இருந்து, அதன் திறப்புவாயை இறப்பர்த் துண்டு ஒன்று மூடியிருத்தல் நலம். கறளேறிய பூட்டு முதலில் தடுப்பது உடையவனையே. மிதியச்சுக்கூட்டின் அடியிற் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும் சட்ட இலக்கத்தை எழுதிவைத்தல் செலவில்லாத காவல்.

பயணமுறைகளும் கருதற்பாலன. பேழையின் நீள உயர அகலங்களின் கூட்டுத்தொகை 240 சதமமீற்றர். பொதுவாக அனுமதிக்கப்படும் 158 சதமமீற்றரை அது தாண்டுவதால், விளையாட்டுப் பொருளென முன்னரே விமான நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும். மின்வலுவால் இயங்கும் வண்டியாயின், 160 உவாற்று மணிக்கு மேற்பட்ட இலிதியம் மின்கலம் பயணிகள் விமானத்தில் ஏற்கப்படாது. 1926 ஆம் ஆண்டிற் புத்தளம் வரை நீண்ட புகையிரதத்திலும், பேருந்திலும், லொறியிலும் பேழையின்மேல் வேறு பொதிகள் ஏறுவது இயல்பு. அதனால் மேன்மூடியை நான்கு மூலைகளிலும் தூண்கள் தாங்கவேண்டும். களப்பைக் கடந்து தீவுகளுக்குப் படகிற் செல்கையில் மூட்டுகளில் நீர் புகாதிருப்பின், கவிழ்ந்தாலும் பேழை மிதக்கும். 312 லீற்றர் கொள்ளளவுக்கு 23 கிலோகிராம் எடை ஒரு பொருட்டன்று.

இவற்றைச் செய்தற்கு அரிய கருவிகள் எவையும் வேண்டா. பாடசாலையின் மரவேலைக் கூடத்திலுள்ள வாள், துளைகருவி, அளவுகோல் என்பன போதும். மாணவர் ஒருங்கு கூடி ஒரு பேழையைச் செய்வாராயின், ஈரப்பதனும் அரிப்பும் கொள்ளளவும் பாடநூற் சொற்களாக நில்லாது கைப்பட்ட பொருள்களாகும். மேலும், வேற்றூரிற் செய்த பேழை அவ்வூரின் பகைகளை எண்ணிச் செய்யப்பட்டது. இக்கரையின் பகை உப்பு என்பதை அறிந்தவர் இக்கரையினரே. ஆதலால் இதற்குரிய பேழையைச் சமைக்கத் தக்கவரும் அவரே ஆவர்.