ஓட்டை நம்பலாமா?

ஒரு சிறு நத்தைக்கு நூறுக்கு மேற்பட்ட விஞ்ஞானப் பெயர்கள் சூட்டப்பட்ட விந்தையை வாசகர் அறிவரோ? வட அத்திலாந்திக் கரையோரங்களிலே, கடல் வற்றிய வேளையில், பாறை வெடிப்புகளுள் ஒடுங்கிக் கிடப்பது அந்நத்தை. பருமனிற் பெரும்பாலும் விரல் நகத்தை விஞ்சாது. விஞ்ஞானிகள் அதனை லிற்றோரினா சக்ஸற்றிலிஸ் என்பர். இத்தாலியரான ஒலிவி 1792-ல் அதனை விவரித்துப் பெயரிட்டார். பின்வந்த அறிஞரோ, கண்டபோதெல்லாம் புதிய இனமென்றும் புதிய வகையென்றும் எண்ணி வேறு வேறு பெயரிட்டனர். லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்த டேவிட் றீட் 1996-ல் வெளியிட்ட பெருநூலே இக்குழப்பத்தைப் பெரிதும் தீர்த்தது.

கற்றோர் இவ்வாறு மயங்கியது ஏன்? ஓட்டையே நம்பியமையால் என்க. ஒரே கரையில் ஒன்று வெண்மை, ஒன்று கருமை, மற்றொன்று செம்மஞ்சள், வேறொன்று வரிகள் உடையது. அலை மோதும் பாறையில் வாழ்வதன் ஓடு சிறியது, மெல்லியது, வாய் அகன்றது. பெரிய பாதத்தை நீட்டிப் பாறையை இறுகப் பற்ற வேண்டுமல்லவா? நண்டுகள் உலாவும் ஒதுக்கிடத்திலோ ஓடு பெரியது, தடித்தது, வாய் குறுகியது. நண்டின் கொடுக்கு அதனுள் எளிதிற் புகமாட்டாது. ஓட்டை உடைப்பதும் அரிது. இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் ஓரினமென்று எவர் சொல்வார்?

ஆங்கிலேயர் அவித்து உண்ணும் பெரிவிங்கிள் நத்தையிலிருந்து இதனைப் பிரித்தறிவது அத்துணைக் கடினமன்று. உயிருள்ள நத்தையை நீரிலிட்டுப் பொறுமையோடு காத்திருந்தால் உணர்கொம்புகளை நீட்டும். உண்ணும் நத்தையின் கொம்பில் கருங்கோடுகள் குறுக்கே ஓடும். நம் நத்தையின் கொம்பிலோ நெடுக்கே ஓடும்.

உண்மையான சங்கடம் வேறோரிடத்தில் உள்ளது. பிரித்தானியக் கரைகளில் இதனோடு கலந்து வாழும் மற்றொரு நத்தையை 1978-ல்தான் தனியினமாகப் பிரித்தனர். அதற்கு 'ஆர்க்கானா', அதாவது மறைபொருள் என்று பெயரிட்டது மிகப் பொருத்தமே. இரண்டினதும் ஓட்டில் நம்பத்தக்க வேறுபாடு கிடையாது. ஆனால் ஆர்க்கானா பாறையில் முட்டையிடும். சக்ஸற்றிலிஸ் முட்டைகளைத் தன் உடலுள்ளேயே வைத்துப் பேணிக் குஞ்சுகளை ஈனும். ஆகவே பெண் நத்தையின் உட்பகுதியைத் திறந்து பார்த்தாற்றான் துணிந்து பெயர் சொல்லலாம். ஆண்களை இனங்காண்பதோ நிபுணருக்கும் வில்லங்கமானது. பாடசாலைக் கண்ணாடிப் பேழைகளில் வெற்றோடுகளை அடுக்கிப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வழக்கம் எமக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. இந்நத்தைகளின் வரலாற்றை அறிந்தபின் அறவே இல்லை.

இன்னுமொரு செய்தியுண்டு. சுவீடனின் கொஸ்டர் தீவுகளை அடுத்த சிறு பாறைத்திட்டுகளில் வாழ்ந்த நத்தைகள் 1988-ல் நச்சுப்பாசி பெருகியதால் மடிந்தன. அலை மோதும் அத்திட்டுகளில் முன்பு வாழ்ந்தவை மெல்லோட்டு நத்தைகளே. 1992-ல் கேர்ஸ்ரின் யொஹான்னெசன் என்னும் அம்மையார், நண்டுள்ள கரையிலிருந்து தடித்த ஓட்டு நத்தைகளைக் கொணர்ந்து வெறுமையான திட்டொன்றில் விட்டார். அவற்றின் சந்ததியை ஆராய்ச்சியாளர் கவனித்து வந்தனர். முடிவுகள் 2024-ல் வெளியாயின. 30 ஆண்டுகளுள் அங்கு ஊர்ந்து திரிந்தவை, சிறிய மெல்லிய ஓடும் அகன்ற வாயும் உடையனவாய், மடிந்துபோன பழைய குடிகளையே ஒத்திருந்தன.