மலைப்பூண்டும் அது விளையும் மலையும்

மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மில் யாரும் மலைப்பூண்டு கேட்டு வரும் வாடிக்கையாளரைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வீட்டில் பிரசவம் ஆகியிருக்கும்; லேகியத்துக்கு வேண்டும், பால் சுரக்கப் பூண்டு வேக வைத்துக் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் அனுப்பியிருப்பார்கள். விலை கூடுதலாகச் சொன்னாலும் பேரம் பேசாமல் வாங்கிப் போவார்கள். நாமும் மூட்டையைக் காட்டி, "மலைப்பூண்டுதான், எடுத்துக்குங்க" என்போம். அது எந்த மலை என்று அவர்களும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

இன்று தமிழ்நாட்டு மண்டிகளில் மலைப்பூண்டு என்ற பெயரில் விற்பதில் ஒரு பகுதி இமாசலப் பிரதேசத்துச் சரக்கு. அதுவும் மலையில் விளைந்ததுதான், நல்ல சரக்குதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கொடைக்கானல் மலைப்பூண்டு என்பது வேறு சரக்கு. 2019ஆம் ஆண்டு முதல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. ஆகவே நாம் விற்கும் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

கொடைக்கானல் என்றால் ஏரியும் படகும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த ஏரி 1863ல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை காலத்தில் உண்டானது. அமெரிக்க மிஷனரிகள் அங்கே முதல் பங்களாக்கள் கட்டியது 1845ல். ஊருக்கு வயது அவ்வளவுதான். ஆனால் மலைக்கு வயது அதிகம். பழனி மலைத் தொடரில் தாண்டிக்குடிப் பக்கம் ஆதிகாலத்துக் கற்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி போன்ற மேல்மலைக் கிராமங்களில் குன்னுவர் என்னும் மலை வேளாளர்கள் பல தலைமுறைகளாக உழுது வருகிறார்கள். தங்கள் முன்னோர் கொங்கு நாட்டிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. கேரட்டும் உருளைக்கிழங்கும் பேரிக்காயும் வெள்ளைக்காரர் வரவால் பெருகின. சரிவை வெட்டி மேடை மேடையாக நிலம் சமைக்கும் உழைப்பு இந்த மக்களுடையது. பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. அங்குள்ள மூர்த்தியும் பழனியில் உள்ளது போலப் போகர் செய்த நவபாஷாணம் என்பது ஐதீகம். பழனிக்குப் போகிறவர்கள் ஒருமுறை பூம்பாறைக்கும் போய் வரலாம். கோயிலைச் சுற்றிப் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்கள் கண்ணுக்கு விருந்து.

சரி, பூண்டு அங்கே ஏன் விளைகிறது? நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகையில். சமவெளி வெயிலில் பூண்டு இலை விடும், கிழங்கு சரியாகத் திரளாது. அதற்குக் குளிர்ச்சி வேண்டும். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் குறையும். பூம்பாறை 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது. பெரியகுளத்தில் மின்விசிறி சுழலும் அதே பகலில் பூம்பாறையில் சால்வை போர்த்திக் கொண்டிருப்பார்கள். வட இந்தியாவில் பூண்டுக்குக் குளிர்காலம் ஒன்றே பருவம். இங்கே உயரமே குளிரைக் கொடுப்பதால் வருஷத்தில் இரண்டு போகம். மே மாதத்தை ஒட்டி ஒரு நடவு, அக்டோபர் நவம்பரில் மற்றொன்று. நான்கு மாதத்துப் பயிர்.

அறுவடைக்குப் பிறகு நடப்பதுதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. தாளோடு கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டு, அடியில் புகை போட்டுப் பதப்படுத்துவார்கள். ஈரம் வற்றித் தோல் இறுகும். இப்படிப் பதம் பார்த்த சரக்கை முறையாக வைத்தால் ஒரு வருஷம் வரை தாங்கும். விதைக்கும் அதிலிருந்துதான் எடுப்பார்கள். பூண்டு பொதுவாக 20, 30 கிராம் எடை இருக்கும். வெள்ளை அல்லது இளமஞ்சள் நிறம். காரமும் வாசனையும் தூக்கலாக இருக்கும். இவ்வளவு பாடுபட்டுப் பதப்படுத்திய சரக்கை நம்மில் சிலர் பாலிதீன் பையில் கட்டிக் கடை மூலையில் போட்டு வைக்கிறோம். நான்கு நாளில் வியர்த்து, முளை கிளம்பி, பூஞ்சணம் பிடித்துவிடும். வலைப்பையில் அல்லது கூடையில் பரப்பிக் காற்றாட வைக்க வேண்டும். வெங்காய மூட்டைக்கு அடியில் வைக்கவே கூடாது.

இந்தப் பூண்டுக்குப் பெரிய சந்தை மலைமேல் இல்லை. கீழே பெரியகுளத்துக்குப் பக்கத்திலுள்ள வடுகபட்டியில் இருக்கிறது. லாரி காட்ரோடு வரை இறங்கி, தேவதானப்பட்டி வழியாகச் சுற்றித்தான் அங்கே போக வேண்டும். மோட்டார் ரோடு வருவதற்கு முன் மலைக்கு ஆள் ஏறியதும் சுமை இறங்கியதும் பெரியகுளத்துப் பக்கத்து நடைபாதையில்தான். ரோடு திசை மாறினாலும் கொடுக்கல் வாங்கல் மாறவில்லை என்பது என் அனுமானம். மத்தியப் பிரதேசத்துச் சரக்கும் அங்கே வந்து குவிகிறது. அந்த மாநிலத்தில் வரத்து கூடினால் பூம்பாறை விவசாயிக்கு விலை இறங்கும். விலை இப்படி அடிபடாமல் இருக்க அவருக்கு இருக்கும் ஒரே பிடி, தன் சரக்கின் பெயர்தான்.

அதற்காகத்தான் புவிசார் குறியீடு. கொடைக்கானலில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் முயற்சியும் சேர்ந்து 2019ல் இது கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே ஆண்டில்தான் கிடைத்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தப் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்பது குற்றம். தயாரித்தவர் மட்டுமல்ல, விற்றவரும் பொறுப்பு. அதே சட்டத்தில் நமக்குச் சாதகமான இரண்டு விஷயங்களும் உண்டு. உற்பத்தியாளர் என்ற சொல்லில் அந்தப் பொருளை வாங்கி விற்பவரையும் சட்டம் சேர்த்துக் கொள்கிறது; ஆகவே மொத்த வியாபாரியும் சென்னைப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக விண்ணப்பிக்க இடமிருக்கிறது. இன்னொன்று, விற்றவர் தக்க முன்னெச்சரிக்கையோடு நடந்து கொண்டு, யாரிடம் வாங்கினோம் என்ற விவரத்தையும் கொடுத்து, அறியாமல் நடந்ததென்று காட்டினால் தப்பிக்க வழியுண்டு.

நான் ஒருமுறை ஒரு கமிஷன் கடையில் கொடைக்கானல் சரக்கு என்று சொன்னதை நம்பி இரண்டு மூட்டை எடுத்தேன். பில்லில் வெறும் "பூண்டு" என்று எழுதிக் கொடுத்தார்கள். வாங்கிப் போன அம்மா ஒருவர் மறுநாள் திருப்பிக் கொண்டு வந்து, "இதுல காரமே இல்லையே தம்பி" என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டேன். ஆனால் கமிஷன் கடையில் போய்க் கேட்க என் கையில் எந்த ஆதாரமும் இல்லை. பார்வையை மட்டும் வைத்து ஊரைச் சொல்லிவிட முடியாது; பழகிய கையே ஏமாந்து போகும். அதனால் இப்போதெல்லாம் பில்லில் ஊர்ப் பெயரை எழுதச் சொல்லித்தான் சரக்கை ஏற்றுகிறேன். எழுதத் தயங்கினால் அந்த மூட்டையைச் சாதாரணப் பூண்டு விலைக்குத்தான் கேட்பேன். கடையிலும் இரண்டு கூடை, இரண்டு அட்டை: ஒன்றில் இமாசல், ஒன்றில் கொடைக்கானல். விலை வித்தியாசம் ஏன் என்று கேட்பவர்களுக்கு விவரம் சொல்லி விற்கிறேன்.