கரு கலைந்தால் பெண்ணையா பழிப்பது?



"மூணு தடவை கலைஞ்சு போச்சுங்க. ராசியில்லாதவன்னு பேசறாங்க" என்று குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா அழுதார். ராசி இல்லைங்க, உடம்பில் காரணம் இருக்கலாம்.

தொற்று நோய்கள்: சிறுநீரில் கிருமி இருந்தும் எரிச்சல் தெரியாமல் போகலாம். கவனிக்காவிட்டால் குறைமாதப் பிரசவம் ஆகலாம். சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பென்சிலின் ஊசியில் குணமாகும். கணவருக்கும் பரிசோதனை வேண்டும்.

ருபெல்லா அம்மை முதல் மூன்று மாதத்தில் வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கலாம். 1941-ல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் கிரெக் இதைக் கவனித்துச் சொன்னார். இதற்கான தடுப்பூசியைக் கர்ப்பத்துக்கு முன்பே போட வேண்டும், கர்ப்பத்தில் போடக்கூடாது.

உடம்பே உடம்பைத் தாக்கும் நோய்: காவல்காரனே வீட்டாரை அடிப்பது போல, நம் எதிர்ப்பு சக்தியே நம்மைத் தாக்கும். லூபஸ் அப்படிப்பட்டது. ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற கோளாறில் நச்சுக்கொடியில் ரத்தம் உறைந்து, கரு திரும்பத் திரும்பக் கலையலாம். மருத்துவர் தரும் ஆஸ்பிரின் மாத்திரை, ஹெப்பாரின் ஊசியால் பலர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். நாமாக மாத்திரை வாங்கவும் கூடாது, தந்ததை நிறுத்தவும் கூடாது.

நாம் செய்ய வேண்டியது:

* நாள் தள்ளியதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள்.
* ரத்தம், சிறுநீர், எச்.ஐ.வி. பரிசோதனைகளைத் தவிர்க்காதீர்கள்.
* இரண்டு முறை கலைந்திருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

அந்த அக்காவைத் தனியே அனுப்பாதீங்க. குழுவில் ஒருத்தர் கூடப் போங்க.