பீற்றாப் பதிப்பைப் பரிசோதித்தல்

மலரொன்றை அச்சேற்றுமுன் அச்சுப்படியைப் பிறர்கண் கொண்டு பார்ப்பிப்பது வழக்கம். எழுதியவர்க்குத் தம்பிழை எளிதிற் புலப்படாது. கணினியின் இயங்குதளத்துக்கும் இம்முறை உண்டு. வெளியீட்டுக்கு முன்னர்ப் பொதுமக்கள் கையிற் கொடுக்கப்படும் படியே பீற்றாப் பதிப்பு எனப்படும்.

1991ஆம் ஆண்டிலே ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லீனஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸின்மீது எழுந்த இயங்குதளங்கள் பல. அவற்றுள் 2004இல் முதன்முதல் வெளிவந்த உபுண்டுவை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஏப்பிரலிலும் ஒக்டோபரிலுமாக ஆண்டுக்கு இருமுறை அது வெளியாகும். பீற்றா அதற்குச் சில வாரம் முன்னர் வரும்.

கோப்பைத் தரவிறக்கியதும் அதன் சரிபார்ப்புத் தொகையை ஒப்புநோக்கல் வேண்டும். எம்மிற் பலர் இதனைச் செய்யாது விட்டுப் பின்னர் இல்லாத பிழையைத் தேடுவர். அதனை யூஎஸ்பி நினைவியில் எழுதினால், வன்தட்டைத் தொடாமலே இயக்கிப் பார்க்கலாம். ஒலி, கம்பியில்லா இணைப்பு, அச்சுப்பொறி, மூடிய மடிக்கணினி மீண்டும் விழித்தல் என்பவற்றை முதலிற் சோதிக்க. எமது வேலை முழுவதும் அடங்கிய ஒரே கணினியில் இதனை நிறுவுதல் ஒருபோதும் தகாது.

பிழை கண்டால், “வேலை செய்யவில்லை” என்றெழுதுவதாற் பயனில்லை. எக்கணினி, எதனைச் செய்தோம், எதனை எதிர்பார்த்தோம், யாது நிகழ்ந்தது, மறுமுறையும் நிகழ்ந்ததா என்பனவே வேண்டப்படுவன.

சோதனைக்குத் தப்பும் பிழைகளும் உள. 2017 ஒக்டோபரில் வெளியான 17.10 பதிப்பு, சில லெனோவோ மடிக்கணினிகளின் பயோஸ் அமைப்புக்களை மாற்றவொண்ணாதபடி செய்துவிட்டது. கருநிரலிற் சேர்க்கப்பட்டிருந்த இன்ரெல் இயக்கி ஒன்றே காரணம். டிசம்பரில் அப்பதிப்பின் தரவிறக்கம் நிறுத்தப்பட்டது. 2018 சனவரியில் திருத்திய படி வந்தது. சோதிப்போர் கையிலில்லாத கணினியின் பிழை சோதனையில் வெளிப்படுவது அரிது.

தமிழும் அவ்வாறே. ‘கெ’ என்பதிற் கொம்பு, எழுத்துக்குப் பின்னே சேமிக்கப்பட்டு முன்னே காட்டப்படுவது. ‘கொ’விலோ ஓர் உயிர்க்குறி இருபுறமும் பிரிந்து நிற்கும். எழுத்துரு பிழைத்தாற் கொம்பு தனித்துப் புள்ளிவட்டத்தோடு தோன்றும். இலண்டனிலிருக்கும் பொறியியலாளர்க்கு அது பிழையென்றே தெரியாது. ஆதலின் ரெங்கநாதன் விசைப்பலகையைத் தெரிந்து, கோப்பொன்றுக்குத் தமிழிற் பெயரிட்டு, மூடித் திறந்து, தேடிப்பார்க்க. நிறுவும் திரையையும் தமிழிலேயே ஒருமுறை இறுதிவரை நடத்துக. அறிக்கையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதித் திரைப்படமொன்றும் இணைத்தல் நலம். சொல்லால் விளக்கவியலாத கொம்பைப் படம் காட்டிவிடும்.