குட்டி பிக்கப் வாங்கப் போறீங்களா? ஹைப்ரிட்டா, டர்போவா... முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!

நம்ம ஊரில் பிக்கப் என்றாலே, தண்ணீர் கேனும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு ஓடும் 'குட்டி யானை'தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் கதையே வேறு. ஆபீஸ் போக, பிள்ளைகளை ஸ்கூலில் விட, வார இறுதியில் படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போக என எல்லாத்துக்கும் அங்கே பிக்கப்தான். ஃபோர்டின் எஃப் சீரிஸ் பிக்கப்கள் பல பத்தாண்டுகளாக அங்கே விற்பனைப் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால், நான்கு கதவு எஃப்-150 ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட 5.9 மீட்டர். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அதை நிறுத்துவதற்குள் வேர்த்துக் கொட்டிவிடும். அதனால்தான் இப்போது பலரும் 'காம்பேக்ட் பிக்கப்' பக்கம் திரும்புகிறார்கள். படிக்கவோ வேலைக்கோ அமெரிக்கா போய், அங்கே முதல் வண்டி வாங்கக் கணக்குப் போடுபவரா நீங்கள்? இல்லை, டெக்ஸாஸில் இருக்கும் அண்ணனுக்கு வீடியோ காலில் ஐடியா கொடுப்பவரா? எப்படியிருந்தாலும் ஷோரூமில் முதல் கேள்வியே இதுதான்: ஹைப்ரிட்டா, டர்போவா?

தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஒன்று, வருஷா வருஷம் பெட்ரோலுக்குக் காசு போகும். அல்லது, வேண்டிய நேரத்தில் வண்டி இழுக்காது. ஸோ, பொறுமையாகப் பார்ப்போம்.

கோழியால் வந்த வினை!

சின்ன பிக்கப் அமெரிக்காவில் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? ஒரு முக்கியக் காரணம், கோழி! அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரியை ஏற்ற, பதிலடியாக 1964-ல் இறக்குமதி லைட் டிரக்குகளுக்கு 25 சதவிகித வரி போட்டது அமெரிக்கா. 'சிக்கன் டாக்ஸ்' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. கோழிச் சண்டையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வரி மட்டும் போகவில்லை. வெளிநாட்டில் செய்து இறக்கும் சின்ன பிக்கப்கள் அந்த வரியோடு போட்டி போட முடியவில்லை. உள்ளூர்க் கம்பெனிகளோ லாபம் அதிகமுள்ள பெரிய டிரக்குகளில் கவனத்தைத் திருப்பின.

இந்த இடைவெளியில் 2021-ல் நுழைந்தவைதான் ஃபோர்டு மேவரிக்கும் ஹூண்டாய் சான்டா க்ரூஸும். மேவரிக் மெக்ஸிகோவின் எர்மோசியோவில் தயாராகிறது. சான்டா க்ரூஸ் அலபாமாவின் மான்ட்கோமரியில். இரண்டுமே பழைய டிரக் மாதிரி தனிச் சட்டத்தின் மேல் பாடியை ஏற்றியவை அல்ல. கார் மாதிரி ஒரே கூடாக அமைந்த மோனோகாக் கட்டுமானம். அதனால் ஓட்டினால் எஸ்யுவி ஃபீல்தான் வரும்.

மேவரிக் அறிமுகமானபோது ஆரம்ப விலை 19,995 டாலர், அதுவும் ஹைப்ரிட் இன்ஜினோடு! கூட்டம் அள்ளியது. சில மாதங்களிலேயே ஹைப்ரிட்டுக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்தவேண்டிய நிலை ஃபோர்டுக்கு வந்தது. விலையும் ஏறிக்கொண்டே போய், 2025 மாடல் 26,000 டாலரைத் தாண்டித்தான் ஆரம்பித்தது.

ஒரே வண்டி, ரெண்டு குணம்

ஒரே உடம்பில் ஹைப்ரிட், டர்போ இரண்டும் கிடைப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க மேவரிக்தான் சரியான வண்டி.

ஹைப்ரிட்டில் 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், கூடவே எலெக்ட்ரிக் மோட்டார். மொத்தம் 191 ஹெச்பி. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மோட்டார் மின்சாரமாக மாற்றி, சுமார் 1.1 கிலோவாட் ஹவர் பேட்டரியில் சேமிக்கும். சிக்னலில் நிற்கும்போதும் டிராஃபிக்கில் ஊரும்போதும் இன்ஜின் தூங்கிவிடும்; மோட்டார் வேலை பார்க்கும். சார்ஜர், பிளக் என எந்தத் தொல்லையும் கிடையாது. இதிலிருக்கும் இ-சிவிடி கியர்பாக்ஸை, பெல்ட்டில் ஓடும் சாதாரண சிவிடியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இதில் பெல்ட்டே இல்லை, பல்சக்கரங்களும் மோட்டார்களும்தான்.

டர்போவில் 2.0 லிட்டர் 'ஈகோபூஸ்ட்' இன்ஜின். 250 ஹெச்பி, 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். சைலன்ஸர் வழியாக வெளியே போகவேண்டிய சூடான புகை ஒரு குட்டி விசிறியைச் சுழற்றும். அது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், பவரும் கூடும். 60 மைல் வேகத்தைத் தொட ஹைப்ரிட்டுக்குச் சுமார் 8 விநாடி என்றால், டர்போ 6 விநாடியில் தொட்டுவிடும். ஹைவேயில் ஓவர்டேக் செய்யும்போது செம கெத்து. ஆனால் காலை அழுத்தினால் பர்ஸும் இளைக்கும்!

சான்டா க்ரூஸில் ஹைப்ரிட் கிடையாது. 191 ஹெச்பி தரும் சாதாரண 2.5 லிட்டர், 281 ஹெச்பி தரும் 2.5 டர்போ என இரண்டுதான். மைலேஜ்தான் முக்கியம் என்றால், இங்கேயே இந்த வண்டி லிஸ்ட்டிலிருந்து வெளியே போய்விடும்.

உங்க ரோடு எது?

இப்போதுதான் மேட்டருக்கே வருகிறோம். அமெரிக்க அரசின் இபிஏ அமைப்பு கொடுத்திருக்கும் மைலேஜ் கணக்கு இது. 2022 மேவரிக், இரண்டுமே முன்சக்கர டிரைவ்:

ஹைப்ரிட்: நகரத்தில் காலனுக்கு 42 மைல், ஹைவேயில் 33.

டர்போ: நகரத்தில் 23, ஹைவேயில் 30.

நம்ம கணக்கில் சொன்னால், நகரத்தில் ஹைப்ரிட் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். டர்போ 10-ஐ ஒட்டி. இன்னொரு தடவை அந்த எண்களைப் பாருங்கள். நகரத்தில் வித்தியாசம் 19 மைல். ஹைவேயில்? வெறும் 3 மைல்!

காரணம் சிம்பிள். அடிக்கடி பிரேக் பிடித்தால்தான் ஹைப்ரிட்டுக்குத் தீனி. ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போது பிரேக்குக்கும் வேலையில்லை, மோட்டாருக்கும் பெரிதாக வேலையில்லை.

இதைப் பணமாக்கிப் பார்ப்போம். வருஷத்துக்கு 15,000 மைல் ஓட்டுகிறீர்கள், பெட்ரோல் காலன் 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முழுக்க நகர டிராஃபிக் என்றால், ஹைப்ரிட் சுமார் 295 காலன் மிச்சம் பிடிக்கும். அதாவது வருஷத்துக்கு 885 டாலர். முழுக்க ஹைவே என்றால் மிச்சம் 45 காலன்தான், 135 டாலர்! நகரமும் ஹைவேயும் கலந்து ஓடினால், இபிஏ சராசரிப்படி 37-க்கு 26. வருஷத்துக்குச் சுமார் 515 டாலர் கையில் நிற்கும்.

2022-ல் டர்போ வேண்டுமென்றால் ஹைப்ரிட்டைவிட 1,085 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. 2024-ல் தலைகீழ். ஹைப்ரிட்டுக்கு 1,500 டாலர் கூடுதல். அப்படியே இருந்தாலும், கலந்து ஓட்டுபவருக்கு மூன்று வருஷத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும். ஹைவேயில் மட்டும் ஓட்டுபவருக்கோ 11 வருஷம் ஆகும். பக்கத்து வீட்டுக்காரருக்கு லாபமாக இருந்தது உங்களுக்கும் லாபமாக இருக்கவேண்டியதில்லை. அவர் ரோடு வேறு, உங்கள் ரோடு வேறு.

இழுவையில் ஏமாறாதீங்க!

"டர்போ வாங்கினா 4,000 பவுண்டு இழுக்கும்" என்று சேல்ஸ்மேன் சொல்வார். பாதிதான் உண்மை. மேவரிக் டர்போவின் சாதாரண இழுவைத் திறன் 2,000 பவுண்டு, சுமார் 907 கிலோ. 4,000 பவுண்டு வேண்டுமென்றால், தொழிற்சாலையிலேயே '4கே டோ பேக்கேஜ்' சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். கியர்பாக்ஸ் ஆயில் கூலர், திறன் கூடிய ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் அதில்தான் வரும். பின்னால் கொக்கியை மட்டும் வெல்டு பண்ணி மாட்டிக்கொண்டால் 4,000 ஆகிவிடாது. சான்டா க்ரூஸ் டர்போ 5,000 பவுண்டு வரை இழுக்கும். இழுவைதான் உங்கள் முதல் தேவை என்றால், அது நல்ல சாய்ஸ்.

இன்னொரு விஷயமும் பலர் கவனிப்பதில்லை. மேவரிக்கின் பேலோட் அதிகபட்சம் 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோ. பின்னால் ஏற்றும் சாமான் மட்டுமல்ல, உள்ளே உட்காரும் ஆட்களின் எடையும் இதில் சேர்த்திதான். 75 கிலோ எடையில் நான்கு பேர் ஏறினாலே 300 கிலோ காலி. டிரெய்லர் இழுத்தால், அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொக்கியில் அழுத்தும். அதுவும் இதே கணக்கில்தான் சேரும்.

சரி, வருஷத்துக்கு எத்தனை நாள் இழுக்கப் போகிறீர்கள்? வீடு மாற்ற ஒரு நாள், ஃபர்னிச்சர் வாங்க ரெண்டு நாள் என்றால், பெரிய டிரக்கை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் அது சுலபம். வருஷத்துக்கு ஒரு தடவை வரும் விருந்தாளிக்காக, மாசா மாசம் மூணு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை கட்டுவீர்களா என்ன?

ஊரும் பேசும்!

கொலராடோவின் டென்வர் மாதிரி மலைமேல் இருக்கும் ஊரா? அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத இன்ஜின், ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவிகிதம் பவரை இழக்கும். டென்வரின் உயரம் 5,280 அடி. கணக்குப் பாருங்கள், 15 சதவிகிதம் அவுட்! டர்போ, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பைப் பெருமளவு சமாளித்துவிடும்.

பனி கொட்டும் மினசோட்டா, மிஷிகன் பக்கமா? அங்கே பலர் ஆல் வீல் டிரைவ் தேடுவார்கள். இங்கேதான் பழைய வண்டி வாங்குபவர்கள் உஷாராக இருக்க வேண்டும். 2022 முதல் 2024 வரை வந்த மேவரிக் ஹைப்ரிட் எல்லாமே முன்சக்கர டிரைவ் மட்டும்தான். இழுவையும் 2,000 பவுண்டுதான். 2025 மாடலில்தான் ஹைப்ரிட்டுக்கு ஆல் வீல் டிரைவும், 4,000 பவுண்டு இழுக்கும் ஆப்ஷனும் வந்தன. வருஷம் ஒன்று மாறினால் வண்டியே மாறிவிடுகிறது. கடும் குளிரில் ஹீட்டருக்காக இன்ஜின் அடிக்கடி ஓடுவதால், ஹைப்ரிட்டின் மைலேஜ் கொஞ்சம் இறங்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பெயரைப் பார்த்து மயங்காதீங்க

'ஹைப்ரிட்' என்ற பேட்ஜ் இருந்தாலே மைலேஜ் கொட்டும் என்று நினைக்க வேண்டாம். இதற்கு ஒரு சைஸ் பெரிய டொயோட்டா டகோமாவில் ஒரு ஹைப்ரிட் இருக்கிறது. அதில் டர்போவும் உண்டு, மோட்டாரும் உண்டு. 326 ஹெச்பி தூள் பறக்கும். ஆனால் இபிஏ சராசரி மைலேஜ் காலனுக்கு 23 மைல்தான். அங்கே மோட்டார் வைத்திருப்பது முக்கியமாகப் பவருக்காக. மேவரிக்கில் மிச்சம் பிடிப்பதற்காக. ஒரே பெயர், வேறு வேறு வேலை.

நீண்ட நாள் வைத்திருப்பேன் என்பவர்களுக்கு: ஃபோர்டின் ஹைப்ரிட் பாகங்களுக்கு 8 வருஷம் அல்லது 1,00,000 மைல் வாரன்ட்டி. மோட்டாரே வண்டியை மெதுவாக்க உதவுவதால் பிரேக் பேடுகளும் அதிக நாள் உழைக்கும். டர்போவோ கடும் சூட்டில், மிக வேகமாகச் சுழலும் பொருள். ஆயிலை நேரத்துக்கு மாற்றுவதில் கஞ்சத்தனம் காட்டினால், அது திருப்பிக் காட்டிவிடும். பழைய வண்டி எதுவானாலும் அதன் அடையாள எண்ணை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் இணையதளத்தில் போட்டு, செய்யாமல் விட்ட ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை, காசும் இல்லை.

அப்போ எது பெஸ்ட்?

தினமும் நகர டிராஃபிக், வார இறுதியில் சைக்கிளும் செடித் தொட்டிகளும் ஏற்றினால் போதுமா? கண்ணை மூடிக்கொண்டு ஹைப்ரிட். மாசத்துக்கு ரெண்டு தடவையாவது படகோ கேம்பரோ இழுப்பீர்களா, மலைப்பாதையில்தான் வாசமா, தினமும் ஹைவேயில் 50 மைல் ஓட்டமா? டர்போ உங்களுக்காகத்தான். ரெண்டும் கலந்த வாழ்க்கை என்றால், ஆல் வீல் டிரைவ் உள்ள 2025 ஹைப்ரிட்டை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

நம்ம ஊரில் எஸ்யுவி வாங்கும்போதும் இதே கேள்விதான் வரும். மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டா, ஹூண்டாய் க்ரெட்டாவின் டர்போ பெட்ரோலா என்று குழம்புபவர்களுக்கும் கணக்கு இதேதான். நின்று நின்று போகும் ரோடு என்றால் ஹைப்ரிட்டுக்குத்தான் முதல் மார்க்.

ஷோரூம் போவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. போன மாசம் எங்கெல்லாம் போனீர்கள் என்று போன் மேப்பின் டைம்லைனைத் திறந்து பாருங்கள். எத்தனை கிலோமீட்டர் சிக்னல்களுக்கு நடுவே, எத்தனை கிலோமீட்டர் ஹைவேயில் என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். சேல்ஸ்மேன் வாயைத் திறப்பதற்கு முன்பே, எந்த இன்ஜின் என்பதை அந்தப் பேப்பர் சொல்லிவிடும்.