சுருட்டி எடுத்துச் செல்லும் வீடு!

கூடாரம் என்றதும் நமக்கு முதலில் சர்க்கஸ்தான் ஞாபகத்துக்கு வரும். நேற்று வரை வெறும் பொட்டலாகக் கிடந்த மைதானத்தில், இன்று காலை எழுந்து பார்த்தால் மலை போல ஒரு கித்தான் மாளிகை நிற்கும்! ராணுவக் கூடாரமும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதற்குள் நடப்பது வேடிக்கை அல்ல. சிப்பாய் அதில்தான் தூங்குகிறான், சாப்பிடுகிறான். அடிபட்டால் அதிலேதான் உயிருக்குப் போராடுகிறான்.

பணம் போன கதை

அமெரிக்க ராணுவத்தில் ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்ளி என்று ஓர் அதிகாரி இருந்தார். சமவெளியில் வாழ்ந்த செவ்விந்தியர்கள் கம்புகளை நட்டுத் தோலைப் போர்த்திக் கட்டும் கூம்புக் குடிசையை அவர் பார்த்தார். நடுவில் தீ மூட்டினாலும் புகை உச்சித் துவாரம் வழியே போய்விடுகிறது. எந்தக் காற்றுக்கும் குடிசை சாய்வதில்லை. அதே மாதிரியில் ஒரு கூடாரம் அமைத்து, 1856-ல் உரிமை பதிவு செய்துகொண்டார். நடுவே ஒரே கம்பம். பன்னிரண்டு பேர் அதைச் சுற்றிப் படுக்கலாம்.

கூடாரம் ஒன்றுக்கு 5 டாலர் வீதம் அவருக்குத் தருவதாக ஒப்பந்தம். பிறகு 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. சிப்ளி தென்பகுதியார் பக்கம் சேர்ந்துவிட்டார். வடபகுதிப் படையோ சுமார் 44 ஆயிரம் சிப்ளி கூடாரங்களை உபயோகித்தது. ஆனால் எதிரிக்குப் பணம் கொடுப்பார்களா? பாவம், தாம் கண்டுபிடித்த கூடாரத்தில் தம் எதிரிகள் சுகமாகத் தூங்க, அவர் வறுமையில் வாடி 1886-ல் காலமானார்.

மூன்று அளவுகள்

ஆபீசுக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று என்று தனித்தனியே கூடாரம் செய்தால் எவ்வளவு வண்டிகள் வேண்டும்? ஆகவே, எதற்கும் உதவும் "பொது உபயோகக் கூடாரம்" பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கப் படைகள் தங்கிய இடங்களில் எல்லாம் இதைக் காணலாம்.

சிறியது ஆறு மூலை கொண்டது. நடுவில் ஒரு கம்பம். நடுத்தரமானது 16 அடி அகலம், 32 அடி நீளம். பெரியது 18 அடி அகலம், 52 அடி நீளம். உஷ்ணமான இடமானால் பக்கச் சுவரைச் சுருட்டி மேலே கட்டிவிடலாம். குளிர் நாடானால் உள்ளே கணப்பு அடுப்பு வைத்து, அதன் குழாயைக் கூரையில் உள்ள துவாரம் வழியே வெளியே விடலாம்.

கித்தான் ரகசியம்

நெய்த துணிதானே, மழையில் ஒழுகாதா என்று கேட்கலாம். பருத்தி நூல் நனைந்ததும் உப்பிக்கொள்கிறது. இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகள் அடைபட்டுப் போகின்றன. துணியில் ஏற்றியிருக்கும் மெழுகுப் பூச்சும் தண்ணீரைத் தள்ளுகிறது. ஆனால் நனைந்த கூரையை உள்ளிருந்து விரலால் தொட்டுவிடக் கூடாது. தொட்ட இடத்தில் சொட்டத் தொடங்கிவிடும்!

கயிற்றிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நார்க்கயிறு நனைந்தால் சுருங்கும். விறைத்து இழுத்து, தரையில் அடித்த முளையையே பிடுங்கிவிடும். ஆகவே மழை வருமுன் கயிற்றைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். காய்ந்த பின் மீண்டும் இறுக்க வேண்டும். சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்ட மறந்தால், படுக்கைக்கு அடியில் ஆறு ஓடும். கூடாரத்தை ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துத் துணி இற்றுப்போகும்.

கித்தானுக்குள் ஆஸ்பத்திரி

1950-ல் கொரியாவில் போர் மூண்டபோது, இத்தகைய ராணுவக் கூடாரங்களுக்குள் நடமாடும் ஆஸ்பத்திரிகள் இயங்கின. முதலில் 60 படுக்கைகளுடன் அமைத்தார்கள். ஆஸ்பத்திரியைத் தேடிக் காயம்பட்டவன் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியே போர்முனைக்கு அருகில் வந்தது. முனை நகர்ந்தால் அதுவும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கூடவே நகர்ந்தது.

பலன் என்ன? இரண்டாம் உலகப் போரில், ஆஸ்பத்திரி சேர்ந்த அமெரிக்கக் காயக்காரர்களில் நூற்றுக்குச் சுமார் 4½ பேர் இறந்தார்கள். கொரியாவில் அது 2½ ஆகக் குறைந்தது. இதில் ஹெலிகாப்டருக்கும் பென்சிலினுக்கும் ரத்த தானத்துக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் இவை எல்லாம் வந்து சேர ஓர் இடம் வேண்டாமா? அந்த இடம்தான் கூடாரம்.

நாடிழந்தோர் நகரம்

1975 ஏப்ரலில் சைகோன் நகரம் வீழ்ச்சியடையும் தறுவாயில், வியட்நாம் அகதிகள் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவுக்கு வந்து குவிந்தார்கள். ஓரோட் முனையில், புதர் மண்டிக் கிடந்த பழைய விமானத் தளத்தைச் சுத்தம் செய்து, சில நாட்களில் ஆயிரக்கணக்கான கூடாரங்களை நட்டார்கள். ஒரு சமயம் அங்கே சுமார் 40 ஆயிரம் பேர் இருந்தார்கள். மொத்தத்தில் 1,11,000 பேருக்கு மேல் குவாம் வழியாகப் புதுவாழ்வு தேடிச் சென்றார்கள். கையில் ஒரு மூட்டையோடு வந்தவர்களுக்கு அந்தக் கித்தான் கூரைதான் முதல் ஆறுதல்.

கடைசி ஆஸ்பத்திரி

இன்று பருத்திக் கித்தானின் இடத்தைச் செயற்கை இழைத் துணிகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. 18 அடி அகலத்தில், நடுவே துண்டு துண்டாகச் சேர்த்து வேண்டிய மட்டும் நீட்டிக்கொள்ளும் புதுவகைக் கூடாரமும் வந்துவிட்டது. கொரியாவில் புகழ்பெற்ற அந்த நடமாடும் ஆஸ்பத்திரி வகையும் முடிவுக்கு வந்தது.

அதன் கடைசிப் பணி எது தெரியுமா? போர் அல்ல. 2005 அக்டோபர் 8-ந் தேதி காஷ்மீர்ப் பகுதியில் பூகம்பம் ஏற்பட்டு 70 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். கல் கட்டிடங்கள் இடிந்து நொறுங்கிய முசாபராபாத்தில், அமெரிக்கப் படையின் 212-வது நடமாடும் ஆஸ்பத்திரி வந்து கூடாரம் அடித்தது. வேலை முடிந்ததும், 2006-ல் அந்தக் கூடாரங்களையும் வைத்தியக் கருவிகளையும் பாகிஸ்தானுக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கல் வீடு காப்பாற்றாத மனிதர்களைத் துணி வீடு காப்பாற்றியது. போருக்கென்று பிறந்த கூடாரத்துக்கு இதைவிடப் பெருமை வேறு என்ன வேண்டும்?