நம் எடையின் கணக்கு

‘இந்த ஆராய்ச்சியால் என்ன பயன்?’ என்று கேட்போரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: நம் உடலின் எடை எங்கிருந்து வருகிறது?

அது ஏறத்தாழ முழுவதும் அணுக்கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களுடையது. ஆனால், புரோட்டானின் மூன்று குவார்க்குகளுடைய நிறையைக் கூட்டினால் சுமார் 1 சதவீதமே தேறும். எஞ்சியது பெரும்பாலும் குவார்க்குகளின் இயக்கத்திலும், அவற்றைப் பிணைக்கும் குளுவான்களிலும் உறையும் ஆற்றல்.

மின்னூட்டமற்ற குளுவான்களை ஒளி நேரடியாகக் காணாது. எனவே, அமெரிக்காவின் ஜெபர்சன் ஆய்வகத்தில், எலக்ட்ரான்களை வைரத் தகட்டில் செலுத்தி, அங்கு எழும் ஃபோட்டான்களைத் திரவ ஹைட்ரஜன்மீது பாய்ச்சுகின்றனர். ஃபோட்டானின் ஆற்றல் 8.2 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டைக் கடந்தால் ஜே-சை மெசான் பிறக்கலாம். அது புரோட்டானுடன் பெரும்பாலும் குளுவான்கள் வழியாகவே உறவாடுவதால், அதன் பிறப்பு விகிதம் குளுவான்களைப் பற்றிச் சாட்சி சொல்கிறது. 2019இல் வெளியான அந்த அளவீட்டை வீண்செலவென்று கருத என்னால் இயலவில்லை.